எட்டரை மணிச் சத்யா

ராஜபாளையம்,
புதன்கிழமை காலை.

அன்பு மகள் அல்ஃபியாவுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் ஜாபிரும் மஸ்கட்டில் ஒரு குறையுமில்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. உடம்பைக் கேட்டால் நலம்தான். உன் அம்மாவுக்கு சர்க்கரை போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது, என் முழங்காலும் உறை மாட்டிக்கொண்டால் பஸ் ஏற விடுகிறது. மனசு மட்டும் ஒரு வாரமாக ஒரு நிலையில் இல்லை. இந்தக் காலத்தில் எந்த அத்தா கடிதம் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ, சரி விடுங்க அத்தா, ஒண்ணுமில்ல என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் வெள்ளிக்கிழமை அங்கே திரும்பிப் போகிற ரஃபீக் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். கூடவே அம்மா வைத்த பொட்டலத்தில் சேவும் மோர் மிளகாயும் இருக்கிறது, மோர் மிளகாயை முதல் நாளே வெயிலில் ஒரு தடவை காட்டிவிடு, மழையில் சரியாகக் காயவில்லை.

மழை இந்த வருஷம் போதும் போதும் என்கிற அளவுக்குப் பெய்துவிட்டது. அடுப்படி மூலையில் ஒழுகுகிறது, கொத்தனார் வருகிறேன் வருகிறேன் என்று பத்து நாளாகச் சொல்கிறார். உன் அக்கா நாஜியா பிள்ளைகளோடு வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனாள், சின்னவன் என் கண்ணாடியை உடைத்துவிட்டான், பழைய கண்ணாடியோடுதான் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். இதெல்லாம் எழுதிக்கொண்டே போனால் சொல்ல வந்ததைச் சொல்லாமலே நான்கு பக்கம் நிரப்பிவிடுவேன். விஷயம் இதுதான் கண்ணு, நம் பக்கத்து வீட்டுச் சத்யப்பிரியாவுக்கு நிச்சயமாகவிருந்த கல்யாணம் நின்றுபோய்விட்டது. நிறுத்தியது உன் அத்தா. நான்தான்.

எப்படி என்று சொல்ல வேண்டுமானால் டிவியிலிருந்து தொடங்க வேண்டும். உனக்கு நினைவிருக்கும், நீ பத்தாவது படிக்கிறபோது கேபிள் ஒயரைப் பிடுங்கி வாசலில் எறிந்தவன் நான். நாடகம் பார்க்கிற பொம்பளைகளை என்ன பேச்சுப் பேசியிருக்கிறேன். அந்த நானேதான் போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து மூன்று மாதம் கட்டிலில் கிடந்தபோது இதில் விழுந்தேன், அந்த விழுகையிலிருந்து இன்னும் எழவில்லை. மில்லில் முப்பத்து நான்கு வருஷம் ஃபிட்டராக இருந்தவனுக்கு சங்கு ஊதினால் எழுந்திருக்க வேண்டும், சங்கு ஊதினால் சாப்பிட வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு நேரம் சொல்ல ஆளில்லை. இந்த நாடகக்காரர்கள் எட்டரை என்றால் எட்டரைக்கு வந்துவிடுகிறார்கள். தினமும் கதவைத் திறக்கப் போகிற கையோடு நிறுத்திவிடுகிறார்கள், கதவுக்கு அந்தப் பக்கம் யார் என்று தெரிய இருபத்து நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். மறுநாள் பார்த்தால் பால்காரர். ஏமாந்தோம் என்று தெரிந்தாலும் அதற்கடுத்த நாளும் போய் உட்காரத்தான் செய்கிறோம். இந்த ஒரு வாரமாக யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று பட்டது. அந்தப் பெட்டிக்குள் இருப்பவர்களுக்காகக் கவலைப்பட்டால் மட்டும் போதும், எழுந்து போய் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அழுது முடித்ததும் சாப்பிட உட்காரலாம். அந்தச் சுகம் பழகிவிட்டால் சொந்த மனிதர்களுக்காகக் கவலைப்படுவது பெரிய வேலையாகத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது.

அந்த எட்டரை மணி நாடகத்துப் பெண்ணின் பெயர் சத்யா. நம் தெருவில் யாரும் நாடகத்தில் என்று சேர்த்துச் சொல்வதில்லை. நம்ம சத்யா நேத்து என்ன செஞ்சா பாத்தியா என்றுதான் பேச்சு. பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் நாம் சத்யா என்றுதான் கூப்பிடுகிறோம், இரண்டும் ஒரே பெயர் என்பது இத்தனை மாதத்தில் ஒரு நாள் கூட எனக்கு உறைக்கவில்லை, பார்த்துக்கொள். உன் அம்மா இரண்டு தடவை என்னிடம் சொன்னாளாம், வெள்ளிக்கிழமை சத்யாவுக்குப் பூ வைக்க வாராக என்று. இரண்டு தடவையும் எட்டரை மணிக்கு மேல்தான் சொல்லியிருக்கிறாள். அதற்கு நான், அவ எப்படி ஒத்துக்கிட்டா என்று கேட்டிருக்கிறேன். அவள், அப்பன் சொன்னான், ஒத்துக்கிட்டா என்றிருக்கிறாள். நாடகத்திலும் அப்படியே நடந்துகொண்டிருந்ததால் நான் ம்ம் என்று சொல்லிவிட்டேன். இருவரும் ஒரே பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டதாக நினைத்துப் படுக்கப் போய்விட்டோம்.

போன புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு முனையில் பாண்டிதுரையின் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் பார்த்ததையே அந்த நேரத்தில் மறுபடி போடுவார்கள், பார்த்ததையே பார்க்கத்தான் போயிருந்தேன். நடுவில் விளம்பரம் போட்டார்கள். அந்த நேரம் வெள்ளைச் சட்டையும் குடையுமாக ஒரு பெரியவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார், முன்பின் பார்த்த முகமில்லை. டீ சொன்னார். டிவிப் பக்கம் திரும்பவில்லை, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். செத்த நேரம் கழித்து மெதுவாக, இங்க சத்யாவத் தெரியுமா பாய் என்று கேட்டார். பெண்ணைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் யார் மகள், எதற்குக் கேட்கிறேன் என்றெல்லாம் உடைத்துச் சொல்லமாட்டார்கள், அதுதான் மரியாதை. நாடகத்தை ஒரு நாள் விட்டுவிட்டவர்களும் இப்படியேதான் கேட்பார்கள். அவருடைய ஊரில் நேற்று கரண்ட் இல்லை போல என்று நான் நினைத்துக்கொண்டேன். தெரியாம என்ன, தினமும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன் என்றேன்.

பிள்ளை எப்படி என்றார். நல்ல பிள்ளைதான், ஆனா மறைச்சது தப்பு என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். என்னத்த மறைச்சா என்று கேட்டார். கேட்க ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம் எனக்கு. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஏற்கெனவே ஒருத்தனோட கையெழுத்துப் போட்டுட்டா, அவன் எங்கயோ ஓடிட்டான், இப்ப வயித்துல பிள்ளை வேற, எம்புட்டு நாளைக்கு மறைக்க முடியும் என்றேன். அவிய அப்பனுக்குத் தெரியுமா என்றார். அவன்தானே மறைக்கச் சொன்னதே என்றேன். அவர் குரல் இறங்கிவிட்டது, மாப்பிள்ளை வீட்டுக்கு என்று கேட்டார். ஊருக்கே தெரியும், அந்தப் பாவப்பட்ட பயலுக்கு மட்டும்தான் தெரியாது, வெள்ளிக்கிழமை எல்லாம் வெடிச்சிரும் என்று சொல்லி அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினேன். பாய்லர் பக்கம் நின்ற பாண்டிதுரையும் சும்மா இருக்காமல், அந்தப் பய மோதிரம் எடுக்கப் போயிருக்கான் அண்ணாச்சி, அதான் கொடுமை என்றான். பெரியவர் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. குடையைக்கூட எடுக்காமல் போனவரைக் கூப்பிட்டு நான்தான் குடையைக் கொடுத்தேன். நாடகத்துக்காக இவ்வளவு மனசு உடைகிறாரே, நல்ல மனுசன் என்று பாண்டிதுரையிடம் சொன்னேன். அதற்குள் விளம்பரம் முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு மாரிசாமி நாற்காலி கேட்டு வந்தபோதுதான் அவன் மகளுக்கு விசேஷம் என்பதே என் காதில் சரியாக விழுந்தது. சுந்தரபாண்டியத்து மாப்பிள்ளை, கௌதம்ராஜ் என்று பெயர், விருதுநகரில் வேலை, சத்யா வேலை பார்க்கிற கிருஷ்ணன்கோவில் காலேஜில்தான் முன்பு படித்தானாம். நம் வீட்டிலிருந்து எட்டு நாற்காலி போனது. வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு முன்னால் பத்து மணிக்குள் வந்துவிடுவதாகப் பேச்சு. சத்யா அரக்குச் சேலை கட்டியிருந்தாள், உன் அம்மா போய்த் தலை வாரிவிட்டாள். பத்தரை ஆனது, பதினொன்று ஆனது, யாரும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. வந்திருந்த சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் மாரிசாமி தோளில் கை போட்டு, இந்த மாதிரி ஆளுகளுக்குப் பிள்ளையக் குடுக்காம தப்பிச்ச மாப்ள என்று தைரியம் சொன்னேன். ஜும்மாவில் அந்தப் பிள்ளைக்காகத் தனியாக துஆ கேட்டேன்.

ஜும்மா முடிந்து திரும்பி வந்தபோது சம்பந்தம் பேசிய காளீஸ்வரி அவர்கள் வீட்டு நடுக்கூடத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் தாய்மாமன் தங்கச்சாமி புதன்கிழமை வந்து தெருவில் விசாரித்தாராம். ஒரு பெரிய மனுசரும் கடைக்காரரும் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்களாம், பெண் ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டவள், வயிற்றில் பிள்ளை, அப்பனே மறைத்துக் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறான் என்று. ரிஜிஸ்டர் ஆபீஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் அந்தப் பெரிய மனுசர் நான்தான் என்று தெரிந்துவிட்டது அல்ஃபியா. சத்யாவின் அம்மா ஆவுடையம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு, எந்தப் படுபாவி என் பிள்ளை வாழ்க்கையில மண்ணப் போட்டான் என்று கத்தினாள். உன் அம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவன் நாக்கு அழுகிப் போகும் மதினி, அழாதிய என்றாள். என் பெண்டாட்டி வாயால் எனக்கு விழுந்த சாபம் அது. சத்யா அந்த அரக்குச் சேலையோடு உள்ளறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள், அழவில்லை, தலையிலிருந்த பூவை மட்டும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

இதைவிடக் கேவலமானதை இப்போது எழுதுகிறேன், உன்னிடம் மறைக்கமாட்டேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் நான் வாயைத் திறக்கவில்லை. பாண்டிதுரைக்கும் புரிந்துவிட்டது, அவன் கடை டிவியைத் துண்டு போட்டு மூடிவிட்டு என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறான். இதற்கிடையில் மாரிசாமி, இதெல்லாம் சொத்துத் தகராறில் தன் அண்ணன் செய்த வேலை என்று முடிவு கட்டி, சனிக்கிழமை அவர் வீட்டு வாசலில் போய் நின்று செருப்பைக் கழற்றிவிட்டான். நாலு பேர் பிடித்து இழுத்து வந்தார்கள். அப்போதும் நான் சொல்லவில்லை. என்ன சொல்வேன், டிவியில் பார்த்ததைச் சொன்னேன் என்றா? ஊர் சிரிக்குமே என்று நினைத்தேன். மாரிசாமி கேட்டால் பாய் வீடு நமக்கு இப்படிச் செய்துவிட்டதே என்று நினைப்பானே, நாற்பது வருஷம் ஒரே சுவரை இரண்டு வீட்டுக்கும் வைத்துக்கொண்டு இருந்த உறவு என்ன ஆகும் என்றும் நினைத்தேன். அந்த இரண்டு நாளும் எட்டரைக்கு டிவி முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். இதைக் கேட்டு நீ காறித் துப்பினாலும் தகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாங்க முடியாமல் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். கையைக் கழுவினாள், தலையில் சேலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள், வாங்க என்று முன்னால் நடந்தாள். மாரிசாமி வீட்டுக் கூடத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கோபப்படவே இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நாடகத்துலயா மச்சான் என்று கேட்டான். ஆமாம் என்றேன். நாடகத்துலயா என்று மறுபடியும் கேட்டான். மூன்றாவது தடவையும் அதையே கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு, எங்க அண்ணன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன் என்று மட்டும் சொன்னான்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் தனியாகவே சுந்தரபாண்டியம் கிளம்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, கிருஷ்ணன்கோவில் வழியாகப் போகிற வத்திராயிருப்பு பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் ஒரு டிவி, பக்கத்து செல்போன் கடையில் ஒரு டிவி, என் பக்கத்தில் நின்ற பெண் கையிலிருந்த போனில் அதே நாடகம். ஏறும் வரை யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முன்பெல்லாம் எந்த ஊர், யாரு வீடு என்று கேட்டுக் கேட்டே உயிரை எடுப்பார்கள். இன்றைக்கு ஒருவராவது என்னிடம் ஏன்யா முகம் இப்படி இருக்கு என்று கேட்கமாட்டார்களா என்றிருந்தது. கேட்காததும் நல்லதுதான், கேட்டால் அழுதிருப்பேன்.

மாப்பிள்ளை வீட்டில் இருந்த தங்கச்சாமி என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். அன்னைக்கு நல்ல நேரத்துல காப்பாத்துனிய பாய் என்று நாற்காலி போட்டார். நான் நின்றபடியே சொன்னேன். அவர் நம்பவில்லை. அவர் டிவி பார்க்கிற ஆளே இல்லையாம். அந்தப் பொண்ணு வீட்ல உங்களக் கூப்ட்டு மிரட்டிட்டாகளா, இல்ல கெஞ்சினாகளா, நாடகத்துல நடந்ததுன்னு சொன்னா நான் என்ன கூமுட்டையா என்றார். நான் தலையில் தொப்பியோடு நிற்கிறேன், அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்கிறேன் என்றேன், அதற்கும் அவர் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா முத்தாத்தாள் உள்ளே இருந்து ஓடி வந்தார். எண்ணே, அது எட்டரை மணிச் சத்யால்லா என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நடந்தது என்ன தெரியுமா, புதன்கிழமை சாயங்காலம் தங்கச்சாமி வந்து சொன்னதைக் கேட்டு அழுதிருக்கிறார், அழுத கையோடு எட்டரைக்கு அதே கதையை டிவியில் பார்த்திருக்கிறார். ரெண்டு சத்யாவுக்கும் சேத்து அழுதேனே பாய், ரெண்டும் ஒண்ணுன்னு எனக்குத் தோணவே இல்லையே என்றார். நான் ஒருவன்தான் புத்தி கெட்டுப்போனேன் என்று நினைத்திருந்தேன்.

அதன் பிறகு தங்கச்சாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமையே பூ வைக்க வருகிறோம், தப்பு எங்கள் மேலும்தான் என்றார்கள். கௌதம்ராஜ் உள்ளேதான் இருந்தான், எட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே போய்விட்டான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வரும் வழி பூராவும், போனால் என்ன சொல்ல வேண்டும், மாரிசாமி முகம் எப்படி மாறும் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். சிரிக்காதே, நாடகத்தில் கடைசி நாள் எல்லாரும் ஒன்றாக நின்று சிரிப்பார்களே, அந்த மாதிரிதான் எனக்கு மனசில் ஓடியது.

மாரிசாமியும் ஆவுடையம்மாளும் சந்தோஷப்பட்டார்கள். காலேஜ் பஸ்ஸில் சத்யா வரும் வரை நானும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வந்தாள், பையை வைத்தாள், நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். வேண்டாம்ப்பா என்றாள். ஆவுடையம்மாள் ஏட்டி, ஒனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு என்று சத்தம் போட்டாள். சத்யா சத்தம் போடவில்லை. டீக்கடையில யாரோ சொன்னத நம்பினாக, அந்த மாப்பிள்ளை என் நம்பர் வச்சிருக்காரு, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, நாளைக்கு வேற எவனாவது சொன்னாலும் இப்படித்தான என்றாள். அந்தப் பிள்ளை சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. மாரிசாமியும் எதிர்த்துப் பேசவில்லை. அதனால் கல்யாணம் நின்றது நின்றதுதான். மாரிசாமி தன் அண்ணன் காலில் விழுந்து சமாதானமாகிவிட்டான், என்னோடு இன்னும் பேசவில்லை, நாற்காலிகளை மட்டும் துடைத்துக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனான்.

நான் எழுந்து வாசலுக்கு வந்ததும் சத்யா பின்னாலேயே வந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கேட்டாள், மாமா, அந்தச் சத்யாவுக்கு எத்தன மாசம், அவ புருஷன் பேரு என்ன, எல்லாம் ஒங்களுக்குத் தெரியுது, நான் காலேஜ்ல என்ன வேலை பாக்கேன்னு சொல்லுங்க பாப்போம் என்று. எனக்குத் தெரியவில்லை அல்ஃபியா. ஆபீசிலா, லேபிலா, என்ன வேலை என்று தெரியவில்லை. நம் வீட்டு அடுப்படியில் உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை. தலையைக் குனிந்துகொண்டேன். பரவாயில்ல மாமா, விடுங்க என்றாள். விட்டிருந்தால் அவ்வளவோடு போயிருக்கும். போகிற போக்கில் அவள் இன்னொன்று சொன்னாள், அல்ஃபியா ஒங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்னு சொன்னா, நீங்க அதப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலன்னு ரொம்ப வருத்தப்பட்டா, ஏன் மாமா என்று.

எல்லாவற்றையும் என்றால் எதை? நான் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், அவளுக்குப் புரிந்துவிட்டது, கண் கலங்கிவிட்டது. தன் கல்யாணத்துக்கு அழாத பிள்ளை அதற்குக் கலங்கினாள். நல்லதா கெட்டதா, அதையாவது சொல்லு தாயி என்று கெஞ்சினேன். அவ வாயால கேளுங்க மாமா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. நீ அவளிடம், அத்தாகிட்ட சொல்லியிருக்கேன், அவுக சொல்லுவாக என்றாயாம். இரண்டு நாள் கழித்து, அத்தா ஒண்ணும் சொல்லலையா, சரி, ஒண்ணுமில்லம்மா என்றாயாம்.

எனக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. எப்படி நினைவிருக்கிறது என்று சொன்னால் நீ மன்னிக்கமாட்டாய். என்ன தேதி என்று தெரியாது, அன்றைக்கு நாடகத்தில் சத்யா கோயில் படியில் மயங்கி விழுந்தாள், அது தெரிகிறது. உனக்கு டூட்டி முடிந்து ரூமுக்கு வருவது அங்கே ஏழு மணி, அது இங்கே எட்டரை. உனக்கு ஒழிகிற நேரம் பார்த்துத்தான் எனக்கு ஒழியாமல் போயிருக்கிறது. அம்மா அன்று நாஜியா வீட்டில் இருந்தாள். போனை சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்தேன், உன் முகம் கீழே, டிவி மேலே. நீ வெகு நேரம் பேசினாய். நான் ம்ம் என்றேன், சரிம்மா என்றேன், அல்லாஹ் இருக்கான் என்றும் ஒரு தடவை சொன்னேன். நீ அழுதாயா சிரித்தாயா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கடைசியில், சரி அத்தா, நீங்க பாருங்க என்று சொல்லி வைத்தாய், அது மட்டும் காதில் இருக்கிறது. மில்லில் நூறு மிஷின் ஓடுகிற சத்தத்தில் ஒரு பேரிங் தேய்ந்திருந்தால் வாசலில் நின்றே சொல்லிவிடுவேன் என்று உன்னிடம் எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருக்கிறேன். பெற்ற பிள்ளை குரலில் என்ன இருந்தது என்று தெரியாத காதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

டிவியை உடைத்துவிட்டேன், விற்றுவிட்டேன் என்றெல்லாம் எழுதமாட்டேன், அது கூடத்தில்தான் இருக்கிறது. எட்டரை ஆனால் கை ரிமோட்டைத் தேடுகிறது. அந்தச் சத்யாவுக்கு அதற்குமேல் என்ன ஆனது என்று ஆசையும் இருக்கிறது, இல்லையென்று சொன்னால் பொய். இந்த இரண்டு நாளாக எட்டரைக்கு முன்னாலேயே போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிடுகிறேன், கொசு கடிக்கிறது, பரவாயில்லை. நீ கூப்பிடவில்லை. கூப்பிடாததற்கு உன்மேல் வருத்தம் இல்லை. நானே கூப்பிட்டிருக்கலாம், எடுத்து என்ன என்று கேட்டால் நீ ஒண்ணுமில்ல என்பாய், அந்த ஒண்ணுமில்ல என்ற வார்த்தைக்குத்தான் பயந்துகொண்டு இந்தக் கடிதம்.

உன் அம்மா சலாம் சொல்லச் சொன்னாள். மருமகனுக்கும் எங்கள் சலாம். ஏசியை நேரே தலைக்கு வைத்துக்கொண்டு தூங்காதே, தண்ணீர் நிறையக் குடி. நல்லதாக இருந்தால் அல்லாஹ் அதை நீடிக்கச் செய்யட்டும், சோதனையாக இருந்தால் உனக்குத் தாங்கும் பலத்தைக் கொடுக்கட்டும், இரண்டில் எது என்று தெரியாமல் இரண்டு துஆவையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இது கிடைத்த அன்றே அங்கே ஏழு மணிக்குக் கூப்பிடு. அன்றைக்குச் சொன்னதை முதல் வார்த்தையிலிருந்து திரும்பச் சொல்லு. நான் ஒரு தடவைகூட ம்ம் என்று சொல்லமாட்டேன்.

மாடிப்படியில் காத்திருக்கும் உன் அத்தா,
காதர்.